வேலிக்குள் ஒரு வருடம்: 'தி கிரேஸ் இயர்' நாவல்

கார்னர் கவுண்டி என்பது ஒரு கற்பனை ஊர். அங்கே பெண்ணுக்குப் பதினாறு வயதானால் உடம்பில் மாய சக்தி வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அது ஆண்களின் மனதைக் கெடுக்குமாம், மனைவிமார்களைப் பொறாமையில் பைத்தியமாக்குமாம். அதனால் அந்த வயதுப் பெண்கள் எல்லோரையும் ஒரு வருடம் காட்டு முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சக்தியைக் கழித்துவிட்டு, சுத்தமாகித் திரும்பி வரவேண்டும். வந்தபின் அந்த வருடத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. கிம் லிகெட் ஆங்கிலத்தில் எழுதி 2019-ல் வந்த 'தி கிரேஸ் இயர்' இப்படித்தான் தொடங்குகிறது.

கோத்தகிரி பக்கம் லயன் வீட்டு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பெண்கள் கேட்டால் என் அலமாரியிலிருந்து புத்தகம் தருவேன். இதைத் தரலாமா என்று பார்க்கத்தான் படித்தேன். தாராளமாகத் தரலாம்.

சின்னப் பெண்ணுக்கு வெள்ளை ரிப்பன், காட்டுக்குப் போகும் வருடம் சிவப்பு, கல்யாணமானவளுக்குக் கறுப்பு. முணுமுணுவென்று பாட்டுப் பாடக்கூடத் தடை. இதெல்லாம் இந்த மாதிரி நாவல்களில் நாம் எதிர்பார்ப்பதுதான். லிகெட் அதற்கும் மேலே போகிறார். முகாம் வேலிக்குள் ஒரு ஆண் கூட இல்லை. அப்படியும் ஊர்ச் சட்டம் உள்ளே நடக்கிறது. கியர்ஸ்டன் என்ற பெண் தலைமை எடுத்துக்கொள்கிறாள். யாருக்கு சக்தி வந்தது, யாருக்கு வரவில்லை என்று அவளே தீர்ப்புச் சொல்கிறாள். கதை சொல்லும் டியர்னி மழைத் தண்ணீர் பிடிக்கவும் விறகு வெட்டவும் வழி சொல்கிறாள். அவளைத்தான் ஒதுக்கி வைக்கிறார்கள். ஒருத்தி திரும்பி வராமல், அவள் உடலும் கிடைக்காமல் போனால் அவள் தங்கைகளை ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற ஒரு விதி இருக்கிறது. தப்பி ஓட நினைப்பவளைக் கட்டிப்போட வேறு கயிறு எதற்கு? அந்த விதி வரும் இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் வாங்கிப் போன மாணவி பாதியிலேயே வந்து கேட்டாள்: "மிஸ், இந்தப் பொண்ணுங்களே ஏன் மிஸ் அவளைப் போட்டு இப்படிப் படுத்துறாங்க?" அன்றைக்கு இலக்கணப் பாடம் நடக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, மாமியார், பக்கத்து லயன் அத்தை என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதே என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். எங்கள் ஊரில் கரடி நிஜம், காட்டு மாடும் நிஜம். இருட்டில் தேயிலைக்குள் நடக்கக்கூடாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் கரடி ஆண், பெண் பார்ப்பதில்லை. அண்ணன் ஒன்பது மணிக்கு வருகிறான், தங்கைக்கு மட்டும் ஆறு மணி. எது கரடிக்கான பயம், எது நமக்கு ஊட்டிவிட்ட பயம் என்று அந்தப் பெண்கள் அன்று பிரித்துப் பேசினார்கள். நாவலிலும் முகாமில் ஒரு கிணறு இருக்கிறது. அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு படியுங்கள், இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

குளிர்காலப் பகுதி அருமை. விரல் மரத்துப் போவதும், ஈர விறகோடு போராடுவதும் மலையில் இருப்பவர்களுக்கு உடனே பிடிபடும்.

குறை என்றால், நடுவில் வரும் காதல். வேலிக்கு வெளியே இந்தப் பெண்களை வேட்டையாடிக் கொன்று, அவர்கள் உடலைத் துண்டுகளாக விற்றுப் பிழைக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனான ரைக்கரோடு டியர்னிக்குக் காதல். அதுவரை கத்தி மாதிரி போன கதை அங்கே சுணங்குகிறது. அந்தப் பக்கங்களைத் தோழி கெர்ட்ரூடுக்குக் கொடுத்திருக்கலாம். ஊர் எவ்வளவு கேவலப்படுத்தியும் உடையாத பெண் அவள். அவளை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசையாக இருந்தது. கடைசியில் ஊர் தலைகீழாக மாறும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முடிவு போதாது என்று தோன்றலாம். எனக்குப் பிடித்தது. ஊருக்குத் தெரியாமல் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவிகள் அங்கேதான் வெளியே வருகின்றன.

கற்பனை ஊரை வைத்துப் பெண்கள் நிலையைப் பேசும் இந்த வகை எழுத்து நமக்குப் புதிதும் இல்லை. பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்து வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகையில்தான் முதலில் அச்சானது. சின்னக் கதைதான். என் மாணவிகளுக்கு அடுத்து அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

ஆங்கிலம் கடினமில்லை. சின்னச் சின்ன வாக்கியம், நிகழ்காலத்திலேயே போகும் கதை. பிளஸ் ஒன் பெண் அகராதியை அதிகம் தேடாமல் படித்துவிடலாம். ரத்தமும் சித்திரவதையும் நிறைய உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பெரிய பெண்களுக்குக் கொடுத்தால், முடித்தபின் பேச ஒரு சாயங்காலம் ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் அவர்கள் அண்ணன் தம்பிகளையும் கூப்பிடுங்கள்.