கார் மாடலுக்கான குட்டிப் பாகங்கள்: வருடங்கள் கழித்தும் நிற்பவை எவை?

ஸ்கேல் மாடல் கருவிகளைப் பற்றி வரும் விமர்சனங்களில் பாதிக்கு மேல் பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதப்பட்டவை. செய்து முடித்த அன்று எல்லாப் பாகமும் அழகாகத்தான் இருக்கும். பெயின்ட் பிசுபிசுப்பது, ஒட்டு விடுவது, கம்பி வெளுப்பது எல்லாம் பிற்பாடுதான் தெரியவரும். 1/24, 1/25 அளவுக் கார்களுக்குப் பல வருடங்களாகக் கையாலும், அப்புறம் ரெசின் பிரிண்டராலும் (திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கும் 3டி பிரிண்டர்) பாகங்கள் செய்துவருகிறேன். அலமாரியில் இருப்பவற்றின் இன்றைய நிலையை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. நிஜக் காரில் 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்பார்க் ப்ளக் வயர் 1/24இல் 0.33 மி.மீ.தான். 4.75 மி.மீ. பிரேக் லைன் 0.2 மி.மீ. ஆகிவிடும். 13 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் தலை, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இதைப் பார்க்காமல் கையில் கிடைத்த வயரை மாட்டினால் இன்ஜினுக்குள் தண்ணீர்ப் பைப் ஓடுவதுபோல் இருக்கும். மாடலில் பொம்மைத்தனம் வருவது பெரும்பாலும் தடிமனால்தான், நிறத்தால் அல்ல. அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர். மற்றதெல்லாம் பிறகு.

அதிகம் உழைத்த கருவி பின் வைஸ். கைவிரலால் உருட்டித் துளையிடும் இந்தச் சின்ன ட்ரில்லுக்கு மோட்டார் கிடையாது, கெட்டுப்போக எதுவும் இல்லை. பிட் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கார்பைட் பிட்டுகள் கூர்மையானவை. ஆனால் கை லேசாகச் சாய்ந்தாலும் பட்டென்று ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். கையால் போடுவதற்குச் சாதாரண ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட்டே மேல், கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் செய்வதைச் சொன்னால் இது விளங்கும். எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினுக்கு அதன் மூடியில் ஒன்பது துளை வேண்டும்: சுற்றிலும் எட்டு, காயிலிலிருந்து வரும் வயருக்கு நடுவில் ஒன்று. 3.2 மி.மீ. ஸ்டைரீன் (மாடல் கிட்களின் பிளாஸ்டிக்) உருளைக்கம்பியை வெட்டாமல் நீளமாகவே பிடித்துக்கொண்டு, அதன் முனையில் ஊசியால் ஒன்பது புள்ளி குத்துவேன். அந்தக் குழி இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். 0.35 மி.மீ. பிட்டால் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போட்டபிறகுதான் மூடியை வெட்டி எடுப்பது. முதலிலேயே வெட்டிவிட்டால் அதைப் பிடிக்கவே வழி இருக்காது. வயர்களை இஷ்டத்துக்குச் சொருகாமல் ஃபயரிங் ஆர்டர்படி, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி, மாட்டினால் அவை ஒன்றையொன்று தாண்டும் விதமே நிஜம்போல் அமையும். செவ்ரோலே ஸ்மால் பிளாக்குக்கு 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும். ஃபோர்டு 289க்கு 1-5-4-2-6-3-7-8, அது இடஞ்சுழி. சிலிண்டருக்கு எண் போடும் முறையும் இரண்டுக்கும் வேறு. செவ்ரோலேயில் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் அது இடப்பக்கம்) 1, 3, 5, 7. ஃபோர்டில் அந்தப் பக்கம் 5 முதல் 8 வரை.

வயரில்தான் வருடங்கள் வேலையைக் காட்டின. மென்மையான பிவிசி உறை போட்ட மெல்லிய வயர் பார்க்க அசல் போலவே இருக்கும், ஆனால் நான் இப்போது தொடுவதில்லை. அந்த உறையை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, ஸ்டைரீனைத் தொடும் இடத்தில் பெயின்டைப் பிசுபிசுப்பாக்கிப் பள்ளமும் போடும். சில பழைய கிட்களில் வினைல் டயர் வீல் ரிம்மைத் தின்பதும் இதே காரணத்தால்தான். எனாமல் பூசிய செம்புக்கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. நிறம் மட்டும் நாம் ஏற்ற வேண்டும். ஹோஸுக்கு சால்டர் கம்பி அருமை. எப்படி வளைத்தாலும் மடிப்பு விழாது, விட்ட இடத்திலேயே நிற்கும். சுத்த ஈயக் கம்பியானால் ப்ரைமர் கட்டாயம். மரப்பலகையால் செய்த, காற்றுப் புகாத காட்சிப் பெட்டிக்குள் மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். வெள்ளீயம் கலந்த சால்டர் இதை நன்றாகவே தாங்குகிறது. எதுவானாலும் வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

ரெசின் பிரிண்டர். எல்லோரும் கேட்பது இதைத்தான். கார்புரேட்டர், துடுப்புகளோடு ஆல்டர்னேட்டர், ஒரே மாதிரி நாலு வீல் என்று வந்தால் கையால் செய்வது வீண் பிடிவாதம். 405 நானோமீட்டர் ஒளி 0.03 மி.மீ. அடுக்கில் உருவாக்குவதை உப்புத்தாளும் கத்தியும் எட்டாது. ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடியை (மிரர்) தாங்கும் தண்டு, வைப்பர் கை, கியர் லீவர் போன்று மெலிந்து நீட்டிக்கொண்டிருப்பவை நாளாக நாளாக மொறுமொறுவென ஆகிவிடுகின்றன. வெளிச்சம் பட்டுப் பட்டு ரெசின் மேலும் இறுகுவதால் வரும் வினை இது. தூசி தட்டும் பிரஷ் பட்டாலே போதும், ஒடிந்துவிடும். 0.8 மி.மீ.க்குக் கீழே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் உலோகம் என்பது இப்போது என் வழக்கம். மிரரின் தலையைத் துளையோடு பிரிண்ட் செய்து, தண்டுக்குப் பித்தளைக் கம்பி சொருகுகிறேன். உள்ளே வெற்றிடம் விட்ட பெரிய பாகங்களிலும் எச்சரிக்கை வேண்டும். வடிதுளை வைத்து உள்ளே நன்றாகக் கழுவாவிட்டால், தேங்கிய ரெசின் மாதங்கள் கழித்து விரிசல் விட்டு வெளியே வரும்.

அதோடு கையுறை, ஐசோபுரொபைல் ஆல்கஹால், காற்றோட்டமான அறை எல்லாம் வேண்டும். ரெசின் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போவதில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு பாகம் மட்டும் செய்பவருக்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்றால், என் பதில் இல்லை என்பதே.

பிரிண்டர் வந்தபின் சிலிக்கோன் அச்சு எடுப்பதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். கையால் செய்த அபூர்வமான பாகத்தை நகலெடுக்க மட்டும் உதவும். பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் என்றால் கந்தகம் கலந்த களிமண்ணைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், இறுகவே இறுகாது.

ஒட்டு விஷயத்தில் ஸ்டைரீனோடு ஸ்டைரீனுக்குத் தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற மெல்லிய சிமென்ட். பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குவதால் இதுவரை ஒன்றும் பிரிந்ததில்லை. உலோகத்துக்கு சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனால் பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்காது. மொட்டையாக ஒட்டாமல் துளையிட்டுச் சொருகி ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். ஹெட்லைட் கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். சூப்பர் க்ளூவின் ஆவி அதை மங்கலாக்கிவிடும்.

சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப் வெட்டும் பழக்கம் பரவலாக உண்டு. நிஜ பெல்ட் சுமார் 48 மி.மீ. அகலம், ஆக மாடலில் 2 மி.மீ. அகலம் சரிதான், ஆனால் டேப்பின் பசை காய்ந்து முனைகள் தூக்கிக்கொள்கின்றன. சமையலறை அலுமினியத் தாளை மடித்து, பெயின்ட் அடித்து, மடிப்பு விழச் செய்தவை இன்றும் சீட்டோடு படிந்தே இருக்கின்றன.

இன்னும் கைக்கு அடங்காதது பாடியில் வரும் பெயர் எழுத்துகள்தான். பிரிண்டரில் அந்த அளவு எழுத்து மழுங்கிவிடுகிறது, ஃபோட்டோ எட்ச் (மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்யும் பாகங்கள்) எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. கிட்டிலேயே எழுத்து புடைத்து வார்க்கப்பட்டிருந்தால் ஒரு வழி உண்டு. பெயின்ட் அடிக்கும் முன்பே அதன்மேல் ஒட்டும் உலோகத் தாளை அழுத்திப் பதித்து, மேலே வழக்கம்போல் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் தின்னரில் லேசாக நனைத்த பல்குச்சியால் எழுத்தின் முகட்டை மட்டும் தேய்க்க வேண்டும். பெயின்ட் விலகி அடியிலிருக்கும் உலோகம் தெரியும். எட்டு எழுத்துப் பெயரில் ஏழு ஒழுங்காக வரும். மிச்சம் ஒன்றில் கை கொஞ்சம் அதிகம் அழுந்தித் தாளே கிழியும்.