“எடையைக் குறைங்க, நல்லா நடங்க”

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோடு (நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். நான் இருக்கும் நாட்டில் வாரம் ஒருமுறை வீடியோ காலில் எடைக்குறைப்புக் குழு உண்டு. ஆறு வாரம் ஊருக்குப் போனபோது அது நள்ளிரவில் வந்தது. சரி, இங்கேயே பார்ப்போம் என்று கிளம்பினேன்.

நரம்பியல் மருத்துவர் நடை, பார்வை எல்லாவற்றையும் பொறுமையாகச் சோதித்தார். எடைக்கு வந்ததும், “குறைங்க, நல்லா நடங்க.” அவ்வளவுதான். அங்கிருந்த எடை மெஷின் பக்கத்தில் பிடிமானம் எதுவும் இல்லை. நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். என் பாரத்தில் பாதி அந்தத் தோளில் இருந்தது. சீட்டில் எழுதிய எடையைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டுவிட்டேன்.

டயட்டீஷியன் அச்சடித்த தாள் கொடுத்தார். நல்ல தாள்தான். ஆனால் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்க முடிகிறவருக்கு எழுதியது. மதியத்துக்கு மேல் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. ஸ்டீராய்டு போடும் நாட்களில் வரும் பசியைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

பிசியோதெரபிக்குப் போனது தள்ளாட்டத்துக்காக. அங்கே இருந்த சின்னப் பெண்தான் கேட்டாள்: “அக்கா, போன வாரம் எந்த நாள் நடக்காம விட்டீங்க? அன்னைக்கு என்ன ஆச்சு?” என் குழுவில் வாராவாரம் கேட்பதும் இதையேதான். திட்டுவதில்லை; எது தடுத்தது என்று தேடி, அந்த ஒன்றை மாற்றுவது.

என்னைத் தடுத்தது சூடு. உடம்பு சூடேறினால் கண் மங்கும், கால் கனக்கும். மேலுறை போன நரம்பில் சூட்டில் சமிக்ஞை இன்னும் தடுமாறும். ஊத்தாஃப் என்ற கண் மருத்துவர் 1890இலேயே இதை எழுதிவைத்தார். நோய் முற்றுகிறது என்று அர்த்தமில்லை, உடம்பு குளிர்ந்தால் தெளிந்துவிடும். அதனால் அவள் 30 நிமிட நடையைப் பத்துப் பத்தாக உடைத்து, நடுவே ஃபேனடியில் உட்காரச் சொன்னாள். வாரம் இரண்டு நாள் அது, இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தசைப் பயிற்சி. சாப்பிட்டதை எழுத மறந்துவிடுவேன் என்றேன் (மறதியும் இந்த நோயின் கூட்டாளி). “தட்டை போட்டோ எடுங்க, போதும்” என்றாள்.

அவளிடம் போன முதல் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் நடுவே 800 கிராம் குறைந்திருந்தது. இரண்டு முறையும் பிடித்து நடக்கும் கம்பிகளுக்கு நடுவே மெஷினை வைத்து, கையை எடுத்துவிட்டு நின்று பார்த்த எடை.