வெட்டவில்லை, பிய்த்தது: பழைய ஆட்டோமேட்டிக் தார் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய ஆட்டோமேட்டிக் தார் மெஷின் (தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றித் தருகிற மெஷின்; நூல் சுற்றிய அந்தக் குச்சிதான் தார்) வாங்க யாராவது அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தால், கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,10,000 ரூபாய் போனது. அதுகூடப் பரவாயில்லை, இருபது வருஷமாகத் தறி வைத்திருக்கிறவன் ஒரு நூல் முனையைக் குனிந்து பார்க்காமல் ஏமாந்தேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சென்னிமலைப் பக்கம் எட்டுத் தறி. பெட்ஷீட் ஓட்டுகிறோம், 60 அங்குலம், ஊடைக்கு (குறுக்கே போகிற நூலுக்கு) 2/20, அதாவது 20ஆம் நம்பர் நூல் இரண்டு இழை சேர்த்து முறுக்கினது. இவ்வளவு தடித்த நூலில் ஒரு தார் மூன்று நிமிஷம்தான் தாங்கும். எட்டுத் தறியும் ஒழுங்காக ஓடினால் ஒரு ஷிப்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் தார் வேண்டும். இதைப் பன்னிரண்டு கதிர் (குச்சியை மாட்டிச் சுற்றுகிற கம்பி) உள்ள சாதா மெஷினில் ஓர் அக்காதான் சுற்றிக்கொண்டிருந்தார். நிறைந்ததை எடுப்பது, வெறும் தார்க்குச்சியை மாட்டுவது, நூலை அறுத்துவிட்டு முனையைக் குச்சியில் சுற்றிவிடுவது எல்லாம் அவர் கைதான். அவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் பேரனைப் பார்த்துக்கொள்ள அவரும் கூடவே போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பேர் ஒரு மாசம்கூட நிற்கவில்லை. வீட்டுக்காரியும் நானும் மாறி மாறி உட்கார்ந்து தார் போட்டோம்.

இந்த நிலைமையில்தான் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தது. கோயமுத்தூருக்கு வெளியே குடோன் வைத்திருக்கும் பழைய மெஷின் வியாபாரி. ஆறு ஹெட் ஆட்டோமேட்டிக், அதாவது தார் சுற்றுகிற இடம் ஆறு, மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சியில் ஓடிக்கொண்டிருந்ததாம், முதலாளி தறியை விற்றுவிட்டதால் வருகிறதாம். பேரைச் சொல்லப் போவதில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: இந்த மெஷினில் தார் நிறைந்ததும் கதிர் தானாக நிற்கும். நிறைந்த தார் கீழே விழும், பெட்டியிலிருந்து வெறும் குச்சி வந்து அதே இடத்தில் உட்காரும். அதற்குள் நூலைக் குச்சியின் அடிப்பாகத்துக்கும் அதைப் பிடித்துச் சுற்றுகிற தலைக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிடும். குச்சி இறுகியதும் நூல் மாட்டிக்கொள்ளும், திரும்பச் சுற்றத் தொடங்கும். இந்தச் சமயத்தில் பழைய தாரும் புதுக் குச்சியும் ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கத்தி வந்து வெட்ட வேண்டும். ஒன்று அசையாத கத்தி, இன்னொன்று அசைகிற கத்தி, இரண்டும் விலகாமல் இருக்க ஒரு ஸ்பிரிங். கட்டைவிரல் அளவு சமாச்சாரம். மொத்த மெஷினும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

குடோனுக்குப் போனபோது மரியாதைக்குக் குறைவில்லை. டீ, வடை, "வாங்கண்ணா, உக்காருங்ணா". மெஷின் நீலப் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி நின்றது. ஓட்டிக் காட்டினார்கள். தார் நிறைந்தது, விழுந்தது, குச்சி வந்தது, டக் என்று சத்தம், நூல் அறுந்தது. பத்து முறை ஓட்டினார்கள், ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது யோசித்தால் அங்கே இரண்டு வேலை நடந்திருக்கிறது. ஆறு ஹெட்டில் இரண்டை மட்டும் ஓட்டினார்கள். கேட்டதற்கு "மத்ததுல கோன் ஏத்துல, எல்லாம் ஒண்ணுதானுங்ணா" என்றார். கோன் என்றால் நூல் சுற்றி வருகிற கூம்பு. அடுத்தது நூல். அவர்கள் மாட்டியிருந்தது ஒற்றை இழை 20ஆம் நம்பர். வீட்டுக்காரி கிளம்பும்போதே, "ஏனுங்க, நம்ம கோன் ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னாள். எடுத்து வாசல் திண்ணையில் வைத்தேன். அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அட்வான்ஸ் 50,000 ஜிபேயில் போனது. மீதியைக் கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் 18 பர்சென்ட் ஏறும்" என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புத்திசாலித்தனம்!

மெஷின் வந்து இறங்கிய அன்று முதல் செலவு. கத்தி காற்றில் வேலை செய்கிறதாம், கம்ப்ரசர் வேண்டும். குடோனில் அது சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. "சொன்னேனேங்ணா" என்றார் போனில். 28,000 கொடுத்து ஒரு கம்ப்ரசர் வாங்கிப் போட்டேன். விசைத்தறிக்கு இரண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பதைக் கணக்குப் பண்ணித்தான் நாம் ஓட்டுகிறோம். இது தனியாக ஒரு தறி மாதிரி கரன்ட் குடித்தது.

நம் 2/20 நூலை ஏற்றி ஆறு ஹெட்டையும் ஓட்டினோம். முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கத்தி மூடுகிறது, நூல் இரண்டு கத்திக்கும் நடுவில் மடிந்து படுத்துக்கொள்கிறது. கத்தரிக்கோல் திருகு லூசானால் துணி வெட்டாமல் இடையில் புகுந்துகொள்ளுமே, அப்படி. புதுக் குச்சி சுற்ற ஆரம்பித்ததும் கீழே கிடக்கிற நிறைந்த தாரிலிருந்து நூலை இழுக்கிறது. சில சமயம் இழுத்த வேகத்தில் பிய்ந்துவிடும். பல சமயம் பிய்யாமல் தலையைச் சுற்றிக் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். ஹெட்டை நிறுத்தி, பிளேடு வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சிக்கினதாவது கண்ணுக்குத் தெரியும். பிய்ந்ததுதான் சனியன். பிய்ந்த தாரில் ஒரு முழம், ஒன்றரை முழம் வால் தொங்கும். தறி ஓட்டுகிறவர் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தார் மாற்றுகிற அவசரத்தில் ஒவ்வொரு வாலையும் கிள்ளிப்போட முடியாது. நாடாவுக்குள் போன வால் பாவுக்குள் (நீளவாக்கு நூல்களுக்குள்) இழுபட்டு, ஊடையோடு ஊடையாகக் கரையிலிருந்து நாலு விரல், எட்டு விரல் தூரம் நெய்துபோகும். ஒரே கலர் துணியாக இருந்தால் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். நாங்கள் ஓட்டியது சந்தன நிறத்தில் சிவப்புப் பட்டை. சந்தனத்துக்குள் சிவப்பு வால், வெற்றிலை போட்ட வாயால் துப்பின மாதிரி.

ஈரோட்டுக் கடைக்கு அனுப்பிய முதல் லாட்டில் 140 பெட்ஷீட். 38 திரும்பி வந்தது. கடைக்காரர் பழகினவர், சத்தம் போடவில்லை. ஒரு பெட்ஷீட்டை விரித்து, "என்னங்க மாமா, தறியை விட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த 38ஐயும் திங்கள் ராத்திரி ஈரோட்டு ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட்டில் செகண்ட்ஸ் என்று சொல்லித் தள்ளிவிட்டு வந்தேன்.

வியாபாரிக்குப் போன் பண்ணினால் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். முதலில் "உங்க நூலு சரியில்லீங்ணா". அப்புறம் "ஷெட்டுல ஈரம் பத்தல". அப்புறம் "கரன்ட்டு லோ வோல்டேஜ்". கடைசியில், "நூத்துக்குத் தொண்ணூறு வெட்டுதில்லீங்ணா, பழைய மெஷினுக்கு இது போதாதா?" இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு கேட்க நன்றாக இருக்கிறது. ஷிப்டுக்கு ஆயிரம் தார் போடுகிறவனுக்கு அது நூறு வால்.

பிறகு ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். வந்த செலவு, கூலி 2,500 என் தலையில். அந்தப் பையன் கத்தியைத் தொடவே இல்லை. நூல் போகிற டென்ஷன் தட்டில் கூடுதலாக வெயிட் போட்டான். நூல் விறைப்பாக இருந்தால் கத்தி மூடும்போது படக்கென்று அறுந்துவிடும் என்பது அவன் வைத்தியம். அறுந்தது, வாஸ்தவம்தான். சுற்றிக்கொண்டிருக்கும்போதே நடுவிலும் அறுந்தது. தாருக்கு இரண்டு முடிச்சு.

ஒன்றரை மாசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தேன். முதல் நாளே கூட்டி வந்திருக்க வேண்டும். அவர் மெஷினைப் பார்க்கவே இல்லை, தரையில் கிடந்த நூல் முனைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது வெட்டுனது இல்லீங்க, பிச்சது."

வெட்டின முனை பிரஷ் மாதிரி மொட்டையாக இருக்கும். இழுத்துப் பிய்த்த முனை முறுக்கு அவிழ்ந்து எலி வால் மாதிரி கூம்பிக்கொண்டு போகும். அவர் கையில் இருந்தது அத்தனையும் எலி வால். அப்புறம்தான் குடோனில் நடந்தது புரிந்தது. ஒற்றை இழை 20ஆம் நம்பர், மொட்டைக் கத்தி அழுத்தினாலே, கொஞ்சம் இழுத்தாலே பட்டென்று போய்விடும். இரண்டு இழை முறுக்கின நூல் அப்படிப் போகாது. அங்கேயும் கத்தி வெட்டவில்லை. எனக்குத்தான் டக் என்ற சத்தம் கேட்டதும் வெட்டிவிட்டது என்று தோன்றியிருக்கிறது.

கத்திகளைக் கழற்றி அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். நல்ல கெட்டிப்படுத்தின எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். நாலு ஹெட் கத்தியில் அரம் இறங்கித் தூள் கொட்டியது. சாதா இரும்புப் பட்டையைத் தீட்டி, மேலே பளபளவென்று முலாம் பூசியிருக்கிறார்கள். இரண்டு ஹெட்டில் மட்டும் ஒரிஜினல் கத்தி. எந்த இரண்டு என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஆனால் அந்த ஒரிஜினலும் மழுங்கிப் போனதுதான்.

காற்று விஷயமும் அவர்தான் கண்டுபிடித்தார். இந்த மெஷினில் முதலில் கத்தியைத் தள்ள ஒரு கேம் (சுற்றும்போது தள்ளிவிடுகிற முண்டுச் சக்கரம்) இருந்திருக்கிறது, அச்சில் அது உட்கார்ந்திருந்த தடம் அப்படியே இருந்தது. தேய்ந்ததும் கழற்றி எறிந்துவிட்டு, ஹெட்டுக்கு ஒரு சின்னக் காற்று சிலிண்டரை மாட்டி, ஒரே மெல்லிய குழாயில் ஆறையும் கோத்திருக்கிறார்கள். ஒரு ஹெட் நிறைந்தால் பிரஷர் போதும். மூன்று ஹெட் ஒரே நேரத்தில் நிறைந்தால் மூன்றாவது கத்தி சோம்பேறி கொட்டாவி விடுகிற மாதிரி மூடும். இரண்டு ஹெட்டை மட்டும் ஓட்டிக் காட்டியதற்கு இது இன்னொரு காரணம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வித்தது வித்ததுதானுங்ணா." அதற்குப் பிறகு நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

தொழிலுக்கு வாங்கின பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் நிற்காது என்று நிறையப் பேர் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2019ஆம் வருஷச் சட்டத்தில், சுயதொழிலாக, தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கி வைத்து ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று இருக்கிறது. நம்ம மாவட்டத்திலேயே மனுப் போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எட்டுத் தறிக்காரன் சுயதொழிலா வியாபாரமா என்று எதிர்த்தரப்பு கிளப்பும், அதற்கும் தயாராகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் வக்கீல். என் கையில் ஜிபே ரசீது இருக்கிறது, "கத்தி எல்லாம் ஒரிஜினல், கேரன்ட்டி" என்று வியாபாரி பேசின வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. கையில் கொடுத்த 2,60,000க்குத்தான் அந்தத் துண்டுத்தாளைத் தவிர ஒன்றும் இல்லை. அதில் ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கையெழுத்துகூட இல்லை.

பழைய மெஷினே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, புதுசு வாங்குகிற வசதி நமக்கு எங்கே இருக்கிறது. போகும்போது உங்கள் தறியில் ஓடுகிற நூலிலேயே ஹெட்டுக்கு ஒரு கோன் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா ஹெட்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கீழே விழுகிற முனைகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் ஒரு லேத் பட்டறைக்காரரைப் பஸ் செலவு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், 28,000 ரூபாய் கம்ப்ரசரைவிட அவர் மலிவு.

இப்போது பட்டறைக்காரர் எஃகில் புதுக் கத்தி அடித்துக் கொடுத்து இரண்டு ஹெட் ஓடுகிறது. மீதி நாலு தார்ப்பாய்க்கு அடியில். பன்னிரண்டு கதிர் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வீட்டுக்காரி ஓட்டுகிறாள். திண்ணையில் விட்டுப்போன அந்த இரண்டு கோனையும் அவள்தான் முதலில் ஏற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி அந்த வியாபாரி ஸ்டேட்டஸில் இன்னொரு வீடியோ போட்டிருக்கிறார். அதே நீலப் பெயின்ட், ஆறு ஹெட், ஓடுவது இரண்டு. வீடியோவை நிறுத்திப் பெரிசாக்கிப் பார்த்தேன், கீழே விழுந்த தாரில் வால் கூம்பிக்கொண்டு தொங்குகிறது. சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் பக்கம் யாராவது இதற்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். கழற்றின நாலு கத்தியும் மேஜை டிராயரில் இருக்கிறது, அரமும் பக்கத்திலேயே இருக்கிறது.