லண்டன் – சிட்னி: எந்த வழியாகப் போகலாம்?

லண்டனுக்கும் சிட்னிக்கும் நேர்த்தூரம் சுமார் 17,000 கி.மீ. டிக்கெட் போடுகிறவருக்கு இந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் 17,200 கி.மீ. அளவில் வரும், துபாய் வழியாக ஏறக்குறைய 17,500, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை நகரமான பெர்த் வழியாக 17,800. மிக நீளமான சுற்றுக்கும் நேர்வழிக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரப் பறப்புதான். நேரத்தைத் தின்பது தரையில் காத்திருப்பதும் எதிர்க்காற்றும்.

சிங்கப்பூர் வழியில் முதலில் 13 மணி நேரம், பிறகு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் நிற்பதையும் சேர்த்தால் 23 மணி நேரத்தை ஒட்டி வரும். சில சேவைகளில் அதே விமானம்தான் சிட்னிக்குத் தொடர்கிறது என்றாலும், கைப்பையோடு இறங்கி மறுபடி சோதனையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அந்தச் சோதனை பெரும்பாலும் கேட் வாசலிலேயே நடக்கும். ஆசையாகப் பிடித்து வைத்த தண்ணீரை அங்கே கொட்டச் சொல்வார்கள்.

துபாய், தோஹா வழிகளில் விமானங்கள் அதிகம், விலையிலும் பேரம் கிடைக்கும். ஆனால் ஏழு மணி நேரம் பறந்து, தூக்கம் கெட்டு, அதன் பிறகு 14 மணி நேரம் உட்கார வேண்டும். சிட்னியிலிருந்து திரும்பும்போது இது தலைகீழாகிவிடும்: நீண்ட பறப்பு முதலிலேயே முடிந்துவிடும். ஆகவே திரும்புவதற்கு மட்டும் வளைகுடா என்பது என் கட்சி.

பெர்த் வழியை 2018-இல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டஸ் தொடங்கியது. லண்டன் – பெர்த் 14,500 கி.மீ., சுமார் 17 மணி நேரம். பெர்த்துக்கே போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். சிட்னிக்காரருக்கு மேலும் நான்கு மணி நேரம் பாக்கி, நேரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டது. எதிர்த்திசையிலோ பின்காற்று தள்ளிவிட, நிற்காமலே வந்து சேர்ந்தது.

அப்புறம் நேர்விமானம். 1989-இலேயே குவாண்டஸின் ஒரு போயிங் 747, டிக்கெட் விற்றுப் பயணிகளை ஏற்றாமல், லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் பறந்துவிட்டது. இப்போது ஏர்பஸ் ஏ350-இல் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, 238 இருக்கைகளோடு, 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்ற பெயரில் குவாண்டஸின் நேர்விமானம் வரப்போகிறது. இரண்டாம் உலகப் போரில் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலவுக்கும் கேட்டலினா விமானங்கள் 27 முதல் 33 மணி நேரம் இறங்காமல் பறந்தன, வழியில் இரண்டு சூரியோதயம். பெயர் அங்கிருந்து வந்தது.

இதில் மிச்சமாவது அதிகபட்சம் நான்கு மணி நேரம். பிசினஸ் வகுப்பில் படுத்துப் போகிறவருக்குச் சரி. எகானமியில் 20 மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார நான் தயாரில்லை. வயதான பெற்றோரை அனுப்புவதானால் சிங்கப்பூர்தான். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள்.