ஊருக்கு வரும்போது தோல் புற்றுநோய்ப் பரிசோதனை: கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் பல், கண், ரத்தப் பரிசோதனையோடு மச்சத்தையும் காட்டிவிட்டுப் போக நினைப்பதுண்டு. தாராளமாகக் காட்டலாம், ஆனால் வந்திறங்கிய முதல் வாரத்தில். உடல் முழுக்கப் பார்க்க 10 முதல் 20 நிமிடம் போதும். சந்தேகப்பட்டுச் சதை எடுத்துவிட்டால்தான் நாள் இழுக்கும்: ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், தையல் முகத்தில் 5-7 நாளிலும் உடம்பில் 10-14 நாளிலும் பிரிப்பார்கள், பாதத்தில் இன்னும் தாமதமாகும்.

போகும்போது நகப்பூச்சும் முகப்பூச்சும் வேண்டாம். உள்ளாடை தவிர மற்றதைக் கழற்றச் சொல்வார்கள்; துணைக்கு நர்ஸ் வேண்டுமென்று கேட்கலாம். டெர்மடாஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியைத் தோலில் வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. உச்சந்தலை, காதின் பின்புறம், விரலிடுக்கு, உள்ளங்கால், நகம் எல்லாம் பார்த்தாக வேண்டும். நீங்கள் காட்டிய மச்சத்தை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால், முழுப் பரிசோதனை நடக்கவில்லை என்றே அர்த்தம். சாக்ஸை நீங்களே கழற்றிவிடுங்கள்.

நம் நிறத் தோலில் இதுதான் முக்கியம். மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய்) வருவது அரிது; வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு பரவினால் விடக்கூடாது. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தாலும் அப்படித்தான். மச்சத்தில் இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கலைந்த விளிம்பு, பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் அகலம் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். இவற்றைவிட, மாறிக்கொண்டே இருக்கிறதா என்பதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள்.

மெலனோமா என்று சந்தேகம் வந்தால், முடிந்தவரை அதை முழுதாக, சுற்றிலும் 1-3 மி.மீ. நல்ல தோலோடு வெட்டி எடுப்பதே முறை. மேலாகச் சீவினால் ஆழம் தெரியாமல் போகலாம். அடுத்த சிகிச்சையைத் தீர்மானிப்பதே அந்த ஆழம்தான். மற்றச் சந்தேகங்களுக்கு வட்டக் கத்தியால் 3-4 மி.மீ. அளவுக்குச் சதை எடுக்கும் பஞ்ச் பயாப்ஸி போதும். மரத்துப்போக ஊசி போடும்போது சில நொடி எரியும், அவ்வளவே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம்.

அழகு சிகிச்சை மையத்தில் லேசரிலோ காட்டரி என்ற சூட்டுக் கருவியிலோ மச்சத்தை "எரித்து" எடுப்பதுதான் பெரிய ஆபத்து. எரிந்த பிறகு பரிசோதிக்கச் சதை இருக்காது. அடியில் மிச்சமிருந்தால் அதைத் தழும்பு மறைத்துவிடும். தோல் மருத்துவரிடமே போங்கள். எடுத்த சதை, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவ பாட்டிலில் போகிறதா, உங்கள் பெயரும் எடுத்த இடமும் (இடதா, வலதா) எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு பாட்டில்.

விமானம் ஏறுமுன் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, வெட்டுவதற்கு முன் அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்திருந்தால் ஸ்லைடுகளையும் (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகள்) பாரஃபின் பிளாக்கையும் (மீதிச் சதை பதித்த மெழுகுக் கட்டி) கேளுங்கள். நீங்கள் வாழும் நாட்டு மருத்துவர் அவற்றை மறுபடி படித்துப் பார்க்க விரும்புவார்.