நேரடிப் பால், பீய்ச்சிய பால், டப்பா பால்: வேலைக்குத் திரும்பும் தாய்க்கு எது உகந்தது?

பேறுகாலம் முடிந்து சில மாதங்களிலேயே சேலத்து அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்துக்கோ, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கோ, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கோ திரும்பிவிடுகிற பெண், பிள்ளைக்குப் பகலில் என்ன பால் கொடுப்பது என்று திகைத்து நிற்பதை இன்றும் பார்க்கிறோம். நேரடியாக ஊட்டுவது, பீய்ச்சி வைத்துக் கொடுப்பது, டப்பா பவுடரைக் கரைத்துக் கொடுப்பது என மூன்று வழிகள் உண்டு. நம் வீடுகளில் முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையில்தான் வாதம் நடக்கிறது. நடுவிலிருக்கும் வழியை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நேரடியாக ஊட்டுவதற்கு ஈடு இல்லை என்பதில் ஐயமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தராமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகளே வரும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருக்கின்றன. சேனை தொட்டு வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரை முந்தவிடுவது அந்தக் காப்பைத் தள்ளிப்போடுவதாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும், நுரையீரல், காது தொற்றுகளும் குறைவாகவே வருகின்றன.

தாய்க்குக் கிடைக்கும் நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதல் சில நாட்களில் பிள்ளை சப்பும்போது அடிவயிறு சுண்டி இழுக்குமே, அது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்குவதன் அறிகுறி. உதிரப்போக்கைக் குறைப்பதும் அதுவே. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. இந்த நன்மைகள் எதையும் டப்பா தர முடியாது.

ஆனால் நேரடியாக ஊட்டத் தாய் அருகில் இருந்தாக வேண்டும். நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் பால் கட்டி மார்பு கல்லாகிவிடும். ஒதுங்க இடமில்லாமல் கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கீழே ஊற்றினேன். அதே நேரத்தில் வீட்டில் என் பிள்ளைக்கு மாமியார் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாலை வைத்துக் கொடுக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

காம்பைப் பிடித்து இழுக்காமல், கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்திப் பிறகு விரல்களைச் சேர்த்தால் பால் தானாகப் பீறிடும். கொதிநீரில் போட்டு எடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும். 25 டிகிரிவரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்களும் கெடாது. ஏற்காட்டுக் குளிருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்; சேலத்துச் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது, உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். ஏடு பிரிந்து மேலே நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அது கொழுப்புதான். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) புகட்டலாம். புட்டியின் ரப்பர் காம்பைவிடப் பாலாடையைக் கழுவுவது எளிது.

டப்பா பாலின் வசதி வெளிப்படையானது, அதன் சிக்கல்தான் கண்ணுக்குத் தெரியாதது. மூடி பிரிக்காத பவுடரிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்துப் பிறகு ஆற்ற வேண்டும். பல வீடுகளில் கைபொறுக்கும் சூட்டில்தான் கரைக்கிறார்கள். விலைக்குப் பயந்து கரண்டியைக் குறைத்து நீர்க்கக் கரைத்தால் பிள்ளை இளைத்துப்போகும். இந்தப் பாலுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது என 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. இருந்தும், பாலிலுள்ள சர்க்கரையை உடல் ஏற்காத பிறவிக் கோளாறான கேலக்டோசீமியா உள்ள குழந்தைக்கு அதற்கென உள்ள தனிவகைப் பவுடரும், புற்றுநோய் மருந்து எடுக்கும் தாயின் பிள்ளைக்கு வழக்கமான பவுடரும் உயிர்காக்கும் உணவு. அதைக் கொடுக்கும் தாயைக் குற்றவாளியாகப் பார்ப்பது கொடுமை. ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக்குவது மட்டும் வேண்டாம். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு.

ஆகவே பகலில் பீய்ச்சிய பால், காலையிலும் மாலையிலும் இரவிலும் நேரடிப் பால் என்பதே என் தேர்வு. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில் மிகுதியாக இருப்பதால் இரவுப் பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலையிடத்தில் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படியான உரிமை. காப்பித் தோட்டங்களுக்கும் அது பொருந்தும். வீட்டுத் தறியில் உட்காருகிற பெண்ணுக்குத்தான் அது எட்டுவதில்லை. வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பீய்ச்சிப் பழகி, பாலாடையைப் பாட்டியின் கையில் கொடுத்து, தினமும் ஒரு வேளையாவது அவரையே புகட்டச் சொல்லுங்கள்.