கிராக்கோ போக காருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென் இத்தாலியில் மத்தேரா வரை போகிறவர்கள், அப்படியே மக்கள் விட்டுவிட்டுப் போன பழைய ஊரான கிராக்கோவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுவார்கள். நானும் அப்பாவும் அப்படித்தான் கிளம்பினோம். 180 யூரோ கொடுத்தோம். வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

அப்பா பொதுப்பணித் துறையில் 31 வருடம் பொறியாளராக இருந்தவர். கிராக்கோ மேல் அவருக்கு ஆசை வந்ததே அதனால்தான். களிமண் குன்றின் உச்சியில், நார்மன் காலத்துக் கோபுரத்தைச் சுற்றி அடுக்கடுக்காக வீடுகள். 1963-ல் மண் சரிந்து, மக்கள் கீழே கிராக்கோ பெஸ்கியேராவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1972 வெள்ளமும் 1980 நிலநடுக்கமும் மிச்சத்தை முடித்துவைத்தன. குடிநீர், கழிவுநீர்க் குழாய் வேலைகள்தான் சரிவைக் கிளப்பின என்று சொல்கிறார்கள். "ஒரு குழாய் வேலை ஊரையே இறக்கிடுச்சா? நேர்ல பாக்கணும்மா" என்று பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கல் போக்குவரத்தில்தான். நாங்கள் போனபோது மத்தேராவுக்கே தேசிய ரயில் கிடையாது. ரயிலில் என்றால், பாரியிலிருந்து தனி ரயில் பாதையில்தான் வர வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம் சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கிராக்கோ ரொம்பக் கஷ்டம். இது அந்த ஊர் ஆட்களுக்கும் தெரியும். நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தானே வந்து பேசினார். நாள் முழுக்கக் கார், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 180 யூரோ, ரொக்கமாக, முன்பணமாக. நல்ல ஆங்கிலம், பணிவான பேச்சு. நம்பிவிட்டோம்.

கிராக்கோவுக்குக் கீழே, சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி "கியூஸோ, கியூஸோ" என்றார். மூடியிருக்கிறதாம். மறுபடி மண் சரிவாம். அப்பா எதுவும் பேசவில்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்து, பாட்டில் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்தார். சாம்பல் நிற மண், சோப்பு மாதிரி வழுக்கியது. "இதுமேல வீடு கட்டியிருக்காங்க பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில் மேலே, வேலிக்கு உள்ளே, பத்துப் பன்னிரண்டு பேர் தலையில் ஹெல்மெட்டோடு நடந்து போனார்கள்.

நான் நேராக நுழைவுச்சீட்டு தரும் இடத்துக்குப் போனேன். ஊர் திறந்துதான் இருந்தது. இடிபாடு என்பதால் வழிகாட்டியோடு, ஹெல்மெட் போட்டுக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை. அடுத்த குழுவுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. காத்திருக்கலாம் என்றேன். அந்த ஆள் காத்திருக்க மணிக்கு 50 யூரோ தனியாகக் கேட்டார், மறுத்ததும் வண்டியைக் கிளப்பினார். பஸ்ஸோ வேறு காரோ கண்ணில் படாத இடத்தில், 68 வயது அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏறினோம்.

திரும்பும் வழியில் அவரே ஓர் உணவகத்தில் இறக்கிவிட்டார். மீன் 7 யூரோ என்று பார்த்துச் சொன்னோம். பில்லில் 84. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "எத்தோ" என்று இருந்ததாம். எத்தோ என்றால் 100 கிராம், வந்த மீன் 1.2 கிலோ. எங்கே மீன் கேட்டாலும் எடையையும் மொத்த விலையையும் முதலில் கேட்டுவிடுங்கள். 'கொப்பெர்தோ' (உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கட்டணம்) என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ போடுவது மட்டும் அங்கே வழக்கம்தான், அது ஏமாற்று இல்லை.

கிராக்கோ நுழைவை நீங்களே நேரடியாக, நேரம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காருக்குத் தனியாகப் பேசுங்கள். எத்தனை மணி நேரம், காத்திருப்பு சேர்த்தா என்பதை எழுத்தில், வாட்ஸப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை, பயணம் முடிந்து நீங்கள் திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. இத்தாலியில் ஓட்டுநரோடு வாடகைக்குப் போகும் காரின் பின்பக்கம் என்.சி.சி. என்ற எழுத்துகளோடு, உரிமம் தந்த ஊரின் பெயரும் எண்ணும் உள்ள சின்னத் தகடு இருக்க வேண்டும். கிளம்பும் முன் அப்பாவை அந்தக் காருக்குப் பின்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்திருந்தேன். புதுத் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன், தகடு இல்லை.